கோழிக்குஞ்சு கூப்பிட்டது

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீயும் பஜ்ஜியும் கொடுத்து, புதிதாகச் செய்திருக்கும் விளையாட்டைக் காட்டினீர்கள். குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் விளையாட்டு. நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள். படம் அழகு, பாட்டு அழகு. கடைசியில் ஒரு கன்றுக்குட்டி வந்தது. குழந்தை ஒரு நாள் விளையாட வராவிட்டால் அது கண்ணில் தண்ணீர் விட்டு அழும் என்றீர்கள். யாரோ ஒருவர், "செம க்யூட் இல்ல மேடம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள்.

நான் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வயசான அம்மாவுக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். பிரஷர் எல்லாம் இல்லை, கோபம். அங்கேயே வாயைத் திறந்திருந்தால் நீங்கள் கொடுத்த டீக்கு மரியாதை இருந்திருக்காது. வீட்டுக்கு வந்து ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுந்து போகாமல் கடைசிவரை படியுங்கள்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள் நான். அப்பா படுத்த படுக்கையானதும் சொந்த ஊரான காரைக்காலுக்கே திரும்பிவிட்டேன். இங்கே மருந்துக்கடை மாடியில் ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கான விளையாட்டுகளைச் செய்யும் குழுவுக்கு என்னை லீடாகப் போட்டார்கள். வங்கி மென்பொருளில் தப்பு வந்தால் வாடிக்கையாளர் போனில் கத்துவார். குழந்தைக்குக் கத்தத் தெரியாது. விளையாட்டு தப்பாக நடந்துகொண்டால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். இந்த வேலையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உங்கள் கன்றுக்குட்டிக்கு முன்னால் எங்களிடம் ஒரு கோழிக்குஞ்சு இருந்தது. கூட்டல் கணக்கு சரியாகப் போட்டால் குஞ்சுக்கு ஒரு அரிசி கிடைக்கும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். விளையாட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் எங்கள் புராடக்ட் ஹெட் விடவில்லை. அவர் சென்னையில் இருந்தார், வீடியோவில் மட்டும் எங்களுக்குக் காட்சி கொடுப்பார். என் தங்கை மகன் வயதுதான் இருக்கும். குழந்தைகள் தினமும் திரும்பி வர வேண்டும், அதற்கு ஒரு பயம் வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு நாள் வராவிட்டால் குஞ்சு தலையைத் தொங்கப்போடும். மறுநாளும் வராவிட்டால் படுத்துவிடும், "செத்துப்போயிடுவேன்" என்று திரையில் எழுத்து வரும். அதற்கு மேலும் வராவிட்டால் செத்துப்போகும். தோட்டத்தில் ஒரு சின்ன மண்மேடும் அதன்மேல் ஒரு செம்பருத்தியும் வரும். அந்தச் செம்பருத்தியை வரைய மட்டும் தனியாக ஆள் வைத்தார்கள்.

"சாக வேண்டாம், தூங்கட்டுமே" என்றேன்.

"தூங்கினா யாரு மேடம் வருவா? செத்தாத்தான் வருவாங்க" என்றார், ஏதோ பெரிய தத்துவம் போல.

தினமும் எத்தனை குழந்தைகள் திரும்பி வருகிறார்கள் என்று காட்டும் ஒரு கிராஃப் அவரிடம் இருந்தது. எங்கே போனாலும் அதைக் காட்டுவார். கோடு மேலே ஏறினால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கோட்டின் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அடுத்த வாரம் இன்னொரு யோசனையோடு வந்தார். பசித்தால் குஞ்சு குரல் கொடுக்க வேண்டும். "அக்கா, பசிக்குது. என்னை மறந்துட்டியா?" விளையாடுவது பையன் என்றால் "அண்ணா". ஃபோன் சைலன்ட்டில் கிடந்தாலும் அந்தக் குரல் மட்டும் அலாரம் போலக் கேட்டே ஆக வேண்டும்.

கூட்டத்தில் சண்டை போட்டேன். எழுத்திலும் சண்டை போட்டேன். "மேரி மேடம் பேங்க் ஆளு, அவங்களுக்கு குழந்தைங்க மனசு தெரியாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்தக் குரலுக்கான நிரலை எழுத வேண்டிய பொறுப்பு ரிஸ்வானாவிடம் போயிற்று. எங்கள் குழுவில் கெட்டிக்காரப் பெண் அவள்.

"மேடம், எங்க வீட்டுப் பிள்ளைக்கு இதக் குடுக்க மாட்டேன்" என்றாள் தட்டச்சு செய்துகொண்டே.

"அப்புறம் ஏண்டி எழுதுற?"

"லீடு நீங்க. நீங்க சொல்லியே கேக்காத மனுசன் நான் சொன்னா கேட்டுடப்போறாரா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டதில் தப்பில்லை.

குஞ்சை முதலில் பக்கத்து மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேட்டுப் பள்ளியில் கொடுத்துப் பார்ப்பது, பிறகு காரைக்கால் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொடுப்பது என்று ஏற்பாடு. ஒரு அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்குத் தனியாக டேப்லெட் கிடையாது. அப்பா அம்மா ஃபோனில் போட்டுக் கொடுத்தோம். இங்கேதான் அந்தக் கெட்டிக்கார மூளைகள் எதுவும் யோசிக்காத ஒன்று இருந்தது. கிளிஞ்சல்மேட்டில் பல வீடுகளில் ஃபோன் ஒன்றுதான். அதுவும் விடிவதற்குள் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். குழந்தை பள்ளிக்குப் போய்விட்டு வரும்போது அப்பா வலையைப் பிரித்துக்கொண்டோ அசந்து தூங்கிக்கொண்டோ இருப்பார். ஃபோனில் சார்ஜ் இருக்காது. குஞ்சு பட்டினி கிடக்கும். நான் இதைச் சொன்னபோது, "பேரன்ட்ஸ் மேனேஜ் பண்ணிக்குவாங்க" என்றார் புராடக்ட் ஹெட். கடலில் போய் மேனேஜ் பண்ணிக்கொள்வார்களாம்!

ஒரு சனிக்கிழமை, குழந்தைகள் வீட்டில் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்க்க நானும் ரிஸ்வானாவும் அவள் ஸ்கூட்டியில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனோம். யாழினி என்ற இரண்டாம் வகுப்புக் குழந்தையின் வீடுதான் முதலில். அப்பா செல்வமணி, அம்மா சுகந்தி. வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அடுத்த வீடும் அப்படியே. தெருவே கடற்கரையில் நின்றது.

விடியற்காலை ஃபைபர் படகில் போன செல்வமணியும் அவர் மைத்துனரும் திரும்பவில்லை. மற்ற படகுகள் காலையிலேயே கரைக்கு வந்து, மீன் ஏலமும் முடிந்து, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மைத்துனரின் ஃபோன் தண்ணீர் பட்டு வீட்டிலேயே கிடந்தது. செல்வமணியின் ஃபோன்தான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி.

"ரிங் போவுது, எடுக்க மாட்டேங்குறான்" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எவ்வளவு கொடுமையான சேதி என்று கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். சிக்னல் இல்லை என்றால் தூரத்தில் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்கவில்லை என்றால், படகில் ஃபோன் இருக்கிறது, ஆள் இல்லை. சுகந்தி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். தேடப் போன படகுகள் அவன் வழக்கமாக வலை போடும் கிழக்குப் பக்கமே போயிருந்தன. கடலில் ஆள் விழுந்திருந்தால் அங்கேதான் விழுந்திருப்பான் என்ற கணக்கு. "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

யாழினி கூட்டத்துக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட ஒரு படகை ஒட்டி நின்றாள். பள்ளி இல்லாத நாளில் பள்ளிப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அப்பாவை நினைத்துப் பயந்துபோயிருக்கிறாள் என்றுதான் அவளிடம் போனேன்.

அப்போதுதான் அந்தப் பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, பசிக்குது. என்னை மறந்துட்டியா?"

அத்தனை அழுகைக்கும் அலைச்சத்தத்துக்கும் நடுவில் தெளிவாகக் கேட்டது. சைலன்ட்டில் இருந்தாலும் கேட்க வேண்டும் என்று சண்டை போட்டுச் செய்யவைத்தார்களே, அந்தக் குரல். என் பக்கத்தில் ரிஸ்வானா "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகந்தி எழுந்து ஓடிவந்து பையைப் பிடுங்கினாள். கணவனின் ஃபோன் உள்ளே இருந்தது. முந்தின நாள் குஞ்சு படுத்துவிட்டதாம். இன்றும் ஃபோன் கடலுக்குப் போனால் செத்துவிடும் என்று குழந்தை விடிவதற்கு முன்பே எழுந்து, ஃபோனை சைலன்ட்டில் போட்டு, அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துவிட்டது. செல்வமணி கொஞ்ச நேரம் தேடிவிட்டு, மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று, தூங்கிய சுகந்தியை எழுப்பாமலே போய்விட்டார். குழந்தை ஃபோனைப் பைக்குள் மாற்றி, யாரும் பார்க்காமல் தீனி கொடுக்க நேரம் பார்ப்பதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். கரையில் எல்லோரும் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதபோது, பையிலிருப்பதைச் சொல்லவும் பயம், சொல்லாமல் நிற்கவும் பயம். அந்தக் குழந்தை அன்று எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று என்னால் இன்றுவரை யோசிக்க முடியவில்லை.

சுகந்தி அடித்தாள். நான் குறுக்கே போய் நின்றதில் எனக்கும் விழுந்தது. "அடிக்காதம்மா, அடிக்கணும்னா என்ன அடி" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர்தான் முதலில் சுதாரித்தார். "ஏய், அழுவாதீங்க! போனு இங்க இருக்குதுன்னா ஆளு நல்லாத்தான் இருக்கான். எஞ்சின் நின்னுபோயிருக்கும், சொல்ல வழி இல்ல. தண்ணி தெக்கால இழுக்குது. கெழக்க தேடுறவங்களத் தெக்க போவச் சொல்லுங்கடா!"

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் தெற்கே நாகூர்ப் பக்கம் போயிருந்தார்கள். துடுப்பில் சட்டையைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மீனவ ஊரான பட்டினச்சேரியின் படகு ஒன்று அதைப் பார்த்து, போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்தது. தேடப் போன படகுகள் வழியில் சேர்ந்துகொண்டன. பொழுது சாய்வதற்குள் இருவரும் கரைக்கு வந்துவிட்டார்கள். உதடு வெடித்து, தோலெல்லாம் கருகி, நிற்க முடியாமல் இறங்கினார் செல்வமணி.

விஷயத்தைச் சொன்னதும் மகளைக் கூப்பிட்டார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஏம்மா அப்புடி செஞ்ச?"

"அது கூப்புட்டுச்சுப்பா. கூப்புட்டா எது கெடந்தாலும் போட்டுட்டுப் போவணும்னு நீதானே சொல்லுவ?"

செல்வமணி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் சொன்னார்: "ஆமாங்க, நாந்தான் சொல்லிக் குடுத்தேன். தண்ணில எவன் துணியத் தூக்கினாலும், அவன் நம்ம பகையாளியா இருந்தாலும், வலைய விட்டுட்டுப் போவணும். எங்க சனத்துல அதான் வழக்கம். இன்னிக்கு அந்தப் பட்டினச்சேரிக்காரன் வந்தானே, அதுவும் அதாலதான்."

உங்களுக்குப் புரிகிறதா? அந்தக் குழந்தை பிடிவாதக்காரி இல்லை, ஃபோன் பைத்தியமும் இல்லை. ஒரு உயிர் கூப்பிட்டால் போக வேண்டும் என்று வளர்க்கப்பட்ட குழந்தை. அந்த நல்ல குணத்தைத்தான் நாங்கள் தூண்டிலில் மாட்டினோம். எந்த வழக்கம் அப்பாவைக் கடலிலிருந்து இழுத்து வந்ததோ, அதையே வைத்து அவரைக் கடலில் தவிக்க விட்டோம். இதைச் செய்ய நமக்கு யார் உரிமை கொடுத்தது?

திங்கட்கிழமை வீடியோவில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். புராடக்ட் ஹெட் கடைசிவரை கேட்டார். "ஐயோ, பாவம். அவர் நல்லா இருக்கார் இல்ல?" என்றார். மனுஷன்தானே, இரக்கம் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் சொன்னார்:

"ஆனா ஒண்ணு பாருங்க மேடம், குழந்தை ஃபோனையே ஒளிச்சு வெச்சிருக்கு! என்ன ஒரு எமோஷனல் கனெக்ட்! இத நம்ம பிரசன்டேஷன்ல எப்படியாவது சொல்லணும்."

இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அந்தத் திரையை உடைக்கலாமா என்று இருந்தது. உடைத்திருந்தால் புதுத்திரை வாங்கியிருப்பார்கள், குஞ்சு போகிற இடத்துக்குப் போயிருக்கும். கோபத்தை எங்கே வைப்பது என்று அந்த நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். நான் கேமராவை அணைத்தேன். விளையாட்டு வெளியே போக என் ஒப்புதல் வேண்டும், அதைக் கொடுக்க மாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு ஆள் கொடுப்பார் என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான்.

அந்த வாரமே அறக்கட்டளைக்காரர்கள் முன்னால் விளையாட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் தலையசைத்தால் காரைக்கால் பள்ளிகள் அத்தனைக்கும் குஞ்சு போய்விடும். திருநள்ளாறு போகும் சாலையில் ஒரு ஹோட்டலில் ஏ.சி. அறை. புராடக்ட் ஹெட் முதல்முறையாக நேரில் வந்திருந்தார், கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு. நான் என் ஃபோனில் குஞ்சைப் போட்டு, முந்தின நாளிலிருந்தே தீனி கொடுக்காமல் வைத்திருந்தேன். சைலன்ட்டில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் காட்டிய கிராஃப் ஏறிக்கொண்டிருந்தபோது குஞ்சு கூப்பிட்டது. "அக்கா, பசிக்குது. என்னை மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் பெருமையாகச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டது. இம்முறை சிரிப்புக் குறைந்தது. மூன்றாம் முறை அழ ஆரம்பித்தது. அறக்கட்டளைத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பேச்சைக் கவனிக்க முடியாமல் அவர் என்னைப் பார்த்தார்.

"அத அணைச்சு வைங்களேம்மா."

"சைலன்ட்லதாங்க இருக்கு. அப்படியும் கேக்கற மாதிரிதான் செஞ்சிருக்கோம்."

"அப்ப அதுக்கு எதாவது குடுங்க, பாவம்" என்று அவரே ஃபோனை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"நீங்க எத்தனை பிள்ளைகளப் பாத்தவங்க" என்றேன். "உங்களுக்கே கை நீளுது. இரண்டாங்கிளாஸ் பிள்ளை என்ன செய்யும்னு நெனைக்கிறீங்க? அது என்ன செஞ்சிச்சுன்னு நான் சொல்றேன்."

சொன்னேன். புராடக்ட் ஹெட் இடையில் பேச வாய் திறந்தபோது, தலைவி "இருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். குஞ்சு சாகக் கூடாது, கூப்பிடவும் கூடாது, இல்லாவிட்டால் ஒரு பள்ளிக்கும் இது வராது என்று அவர் சொல்லிவிட்டு எழுந்தார்.

சாவையும் குரலையும் ரிஸ்வானா ஒரே காலையில் எடுத்துவிட்டாள். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். இவ்வளவு சுலபமாக எடுத்துப்போடக்கூடிய ஒன்றுக்காக ஒரு தெருவே மணலில் உட்கார்ந்து அழுதது. குஞ்சு இப்போது தூங்கியது, குழந்தை எப்போது வந்தாலும் கொட்டாவி விட்டு எழுந்தது. கிராஃப் கொஞ்சம் இறங்கிற்று. குழந்தைகள் கூட்டல் கற்றுக்கொண்டார்கள். எனக்கு சீக்கிரமே ஒரு சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து, "உங்க உடம்பப் பாத்துக்குங்க மேடம்" என்று வழியனுப்பினார்கள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதைத்தான் ஓய்வு பெற்றேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விட்டுப் போவதற்கு முன்னால், மாற்றிய விளையாட்டை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். யாழினி அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து விடியற்காலையில் அவளே எழுந்து, அப்பா ஃபோனை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறாளாம். "ஒரு நாளும் மறக்கறதில்லைங்க" என்றாள் சுகந்தி. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இல்லை.

குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். "பாரு, இப்ப இது சாகாது. தூங்கும். நீ எப்ப வேணும்னாலும் வரலாம், வராமலும் இருக்கலாம்."

அவள் குனிந்து, தூங்கும் குஞ்சைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் மிஸ் செத்துப்போயிடுவேன்னு சொன்னிச்சு?"

நான் என்ன சொல்ல? நீ திரும்பி வர வேண்டும் என்று பொய் சொன்னோம் என்றா? ஒரு கோடு மேலே ஏற வேண்டும் என்றா? ஃபோனை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

யாழினி இப்போது வளர்ந்துவிட்டாள், அதே தெருவில்தான் இருக்கிறாள். உங்கள் அலுவலகத்திலிருந்து ரொம்ப தூரமில்லை, டவுன் பஸ்ஸே போகும். கன்றுக்குட்டியை அழவைக்கலாம் என்று யோசனை சொன்னது உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு நாள் போய், அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும். சொல்ல முடிந்தால் உங்கள் விளையாட்டை வெளியே விடுங்கள்.